கூடிப்போன அரை மணித்தியாலம்

அத்தியாயம் ஏழு

அன்று காலை ரிஸ்கானுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அஸீமா குற்றவாளியாக இருக்க வேண்டும்.

இப்படி ஆசைப்படுகிறவனையா துப்பறிய வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். என்ன செய்வது, வேரா மிஸ்ஸுக்கு மட்டக்களப்பில் வேறு ஆள் கிடைக்கவில்லை. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஊரின் பாதிக் கதையைக் காதால் கேட்ட பறங்கிப் பெண்மணி அவர். பென்ஷன் எடுத்த கையோடு வாவிக்கரை வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடை போட்டார். முன்னறையில் போட்டோக் கொப்பி, பின்னறையில் விசாரணை. தொலைந்த காணி உறுதிப் பத்திரம், கட்டாருக்குப் போய்ப் பேச்சு மூச்சில்லாத மாப்பிள்ளை, இப்படி வருகிற வழக்குகளை அவர் இருந்த இடத்தில் இருந்து அவிழ்ப்பார். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், வாய் காட்டுவதும், கொம்பியூட்டர் தெரிந்த ஆளாக நடிப்பதும் காத்தான்குடி ரிஸ்கானின் வேலை.

நடிப்பது என்று சொன்னது கொஞ்சம் அநியாயம். அவனுக்குத் தெரியும். அஸீமா அளவுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ நாலு வருடமாக அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

2009 ஜூலை இருபது, திங்கட்கிழமை. சண்டை முடிந்து இரண்டு மாதம். காலை பத்து மணிக்கு ரிஸ்கானும் வேரா மிஸ்ஸும் புளியந்தீவில் டரலின் வீட்டு முன்னறையில் இருந்தார்கள். சுவரோடு ஒரு நீள மேசை, அதில் வரிசையாக ஐந்து கொம்பியூட்டர்.

டரலைப் பக்கத்துத் தெருவில் கேட்டால் யார் என்பார்கள். பிரேசிலில் கேட்டால் தெரியும் என்பார்கள். சுனாமி டச்பார் கடற்கரையில் அவன் வீட்டை வழித்துக்கொண்டு போனபிறகு, முகாமில் இருந்தபோது அவன் தொடங்கியதுதான் ‘களப்பு’. கொம்பியூட்டரில் படம் கீறுவதற்கான நிரல் கட்டு, கிராபிக்ஸ் லைப்ரரி என்பார்கள். யாருடைய வளவு எங்கே இருந்தது என்று வரைபடம் கீறத்தான் முதலில் எழுதினான், ஏனென்றால் அலை போன இடத்தில் வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. முகாமுக்கு அன்பளிப்பாக வந்த கொம்பியூட்டர்களோ ஆளுக்கொரு சாதி. ஒன்று விண்டோஸ், ஒன்று லினக்ஸ், ஒன்று மெக். ஒன்றில் நேராக விழுந்த கோடு மற்றதில் கோணிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் கீறவேண்டும் என்று மல்லுக்கட்டி எழுதியதை, யாரும் எடுக்கலாம் யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் போட்டான். இன்றைக்கு இருபது நாட்டு ஆட்கள் அதைப் பாவிக்கிறார்கள், பிழை பிடிக்கிறார்கள், திருத்தம் எழுதி அனுப்புகிறார்கள்.

அந்தத் திருத்தங்களில் பாதிக்கு மேல் அஸீமா எழுதியது.

முகாமில் டரல் நடத்திய வகுப்பில் ரிஸ்கானும் இருந்தான், அஸீமாவும் இருந்தாள். மெக்கில் ஒரு வட்டம் முட்டையாக விழுந்துகொண்டிருந்த பிழையை ரிஸ்கான் பதினொரு நாள் நித்திரை முழித்துத் திருத்தினான். அஸீமா அதை நாலு வரியில் திருத்திவிட்டுச் சோறு சமைக்க வீட்டுக்குப் போய்விட்டாள். டரல் இவனுடையதை அழித்து அவளுடையதைப் போட்டான். அன்றைக்கு வகுப்பில் இருந்து எழும்பி வந்தவன்தான் ரிஸ்கான், திரும்பிப் போகவில்லை. அந்த நாலு வரி அவனுக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

டரல் விஷயத்துக்கு வந்தான். போன வியாழக்கிழமை களப்பின் புதுப் பதிப்பு வெளியானது. மெக்கில் சரி, லினக்ஸில் சரி. விண்டோஸில் மட்டும் வரைபடத்தைப் பெருப்பித்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாகப் புரண்டுவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஒரு நிவாரண நிறுவனத்தில் காணி வரைபடத்தைச் சனத்துக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கதிரவெளியில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்த கண்ணகை என்ற பெண், தன் வளவு கடலுக்குள் கிடப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாளாம். பிழையைத் தேடிப் போனால், அது கைதவறி வந்த பிழையே இல்லை. வேண்டுமென்று வைத்தது. வைத்த திருத்தத்தின் தலையில் அஸீமாவின் பெயர்.

காத்தான்குடியில் இணையம் வருவதும் போவதுமாக இருப்பதால் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அஸீமா கிழமை முழுக்க எழுதிய திருத்தங்களை வியாழக்கிழமை பென் ட்ரைவில் போட்டு, உறையில் ஒட்டி, முத்தலிப்பின் த்ரீவீலரில் கொடுத்துவிடுவாள். டரல் அவற்றைப் பார்த்துக் களப்பில் சேர்ப்பான். விஷமும் அந்தப் பென் ட்ரைவில்தான் வந்தது என்றான் டரல். அஸீமாவின் பெயரை எடுத்துவிடுவதா என்று களப்பு ஆட்கள் எல்லோரும் மின்னஞ்சலில் வாக்களித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று பின்னேரம் ஆறு மணிக்கு முடிவு. வேண்டுமென்று நாசம் செய்தவள் என்று அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் எழுதுவார்கள், இணையத்தில் எழுதியது அழியாது. பென் ட்ரைவ் அவளுடைய வீட்டில் இருந்துதான் வந்தது, வழியில் வேறு கை படவில்லை என்று வேரா மிஸ் விசாரித்து ஒரு கடிதம் தந்தால் வெளிநாட்டுக்காரர்கள் நம்புவார்கள்.

கடந்த இரண்டு வருடத்தில் அஸீமா அனுப்பிய இருநூற்றுச் சொச்சம் திருத்தங்களின் பட்டியலையும் அச்சடித்துத் தந்தான். விஷத் திருத்தத்துக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தது. வேரா மிஸ் அதை ரிஸ்கானிடம் தள்ளிவிட்டு, மேசையின் கடைசியில் இருந்த கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நாலும் திறந்து கிடக்க, அதை மட்டும் கையால் பின்னின வெள்ளை லேஸ் துணி போட்டு மூடியிருந்தது.

அது முகாமில் தந்த பழைய மெக், மூன்று வருடமாக ஒருத்தரும் தொட்டதில்லை, ஞாபகத்துக்கு வைத்திருக்கிறேன் என்றான் டரல். வேரா மிஸ் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, யார் பின்னினது என்று கேட்டார். டரலின் மனைவி ஜனின்தான். தேத்தண்ணியோடு வந்தவளிடம் வேரா மிஸ் நூல் எங்கே வாங்கினது, பூ வேலைக்கு எத்தனை நாள் போனது என்று கால் மணித்தியாலம் பேசினார். நல்ல நேரத்தில் நல்ல விசாரணை என்று ரிஸ்கான் மனதுக்குள் சிரித்தான்.

வாசல் படலையடியில் டரல் அவனுடைய தோளில் கை போட்டான். "அவளை எடுத்தது என்ட பிழை மச்சான். உன்னத்தான் எடுத்திருக்கணும்."

நாலு வருடமாகக் காத்திருந்த வசனம். ரிஸ்கான் மோட்டார் சைக்கிளை இரண்டே உதையில் ஸ்டார்ட் பண்ணினான், சாதாரண நாளில் ஏழு வேண்டும்.

முத்தலிப்பை மத்தியானத்துக்குப் பிறகுதான் கல்லடிப் பாலத்தடியில் பிடித்தார்கள். வழியில் பென் ட்ரைவை யாரும் வாங்கினார்களா, சோதனைச் சாவடியில் பிரித்தார்களா என்று வேரா மிஸ் விசாரித்தார். உறை ஒட்டியபடியே வந்தது, ஒட்டியபடியே போனது, அஸீமாவின் கையால் வாங்கி டரலின் கையில் கொடுத்தேன், நடுவில் என் கை மட்டும்தான் என்று முத்தலிப் பள்ளிவாசல் இருந்த பக்கம் பார்த்துச் சொன்னார். அவருக்குப் பென் ட்ரைவில் நிரல் எழுதத் தெரியுமா என்று ரிஸ்கான் கேட்டான். மீற்றரையே ஓடவைக்கத் தெரியவில்லை, நீ வேற என்றார் முத்தலிப்.

"அப்ப ரெண்டு கைதான் மிச்சம்," என்றார் வேரா மிஸ்.

ஒரு கைதான் என்று ரிஸ்கான் நினைத்தான். மற்றக் கை அப்போது அவனுடைய கணக்கில் வரவேயில்லை.

அஸீமாவின் வீடு காத்தான்குடியில் ஒரு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் இருந்தது. மாப்பிள்ளை கட்டாரில். குசினிக்குப் பக்கத்து அறையில் ஒரு கொம்பியூட்டர், ஒரு கதிரை, ஒரு நுளம்புச் சுருள், சுவரில் ஒரு மணிக்கூடு. உலகத்தில் பாதிப் பேருடைய கோணல் கோடுகளை நிமிர்த்துகிற இடம் இவ்வளவுதானா என்று ரிஸ்கானுக்கு எரிச்சலாக இருந்தது. பெரிய மாளிகையாக இருந்திருந்தால் வேறு எரிச்சல் வந்திருக்கும்.

அதைவிடப் பெரிய எரிச்சல் பின்னால் வந்தது. முகாம் வகுப்பில் நானும் இருந்தேனே என்று இவன் சொன்னான். அவள் தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"நீங்களும் படிச்சயளா? எனக்கு ஞாபகம் இல்லயே."

நாலு வருடம். அவளைத் தோற்கடிப்பதாக இவன் கண்ட கனவு எத்தனை, கட்டிலில் புரண்டு மனதுக்குள் எழுதித் தள்ளிய நிரல் எத்தனை. அவ்வளவையும் இவன் தனியாளாக நடத்தியிருக்கிறான், எதிரிக்கு அறிவித்தலே போகவில்லை. வேரா மிஸ் இருமிச் சிரிப்பை மறைத்தார்.

அஸீமா ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து வைத்தாள். அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தையும் அதில் எழுதுவாளாம். போன வியாழன் அனுப்பியது மூன்று. களப்பில் அவளுடைய பெயரில் ஏறியது நாலு. திருத்தம் எழுதுகிறவர் தலையில் எந்தப் பெயரையும் போடலாம், பூட்டு எதுவும் இல்லை, ஆளை ஆள் நம்பித்தான் வேலை நடக்கிறது என்று விளக்கினாள். நான் எழுதவில்லை என்று மூன்று தரம் எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டுவிட்டாள். சாட்சி எங்கே என்று கேட்கிறார்கள். ராத்திரி பகலாக அந்த நிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம், தன்னைப் போலவே எழுதியிருக்கிறார்களாம்.

"நாசம் செஞ்சா உங்களுக்கு என்ன லாபம், மகள்?" என்று கேட்டார் வேரா மிஸ்.

"லாபமா? ஆகஸ்ட் ஒண்டாம் திகதியில இருந்து என்னத் தலைமைக்கு வரச்சொல்லிக் கேட்டிருக்காங்க மிஸ். டரல் அண்ணன்ட பேருக்குப் பதிலா. நான் ரெண்டு பேர்ட பேரையும் போடுவம் எண்டு எழுதினன்."

வேரா மிஸ் கதிரையில் சாய்ந்தார். டரல் ஒரு மணித்தியாலம் பேசினான், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரிஸ்கானின் காதில் விழுந்தது வேறு. தலைமை. நாலு வரிக்காரி களப்புக்கே தலைவியாகப் போகிறாளாம். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் டரல் தந்த பட்டியலுக்குள் தலையைப் புதைத்தான்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வரி. பெயர், திகதி, நேரம், அதற்குப் பின்னால் ஒரு சின்ன எண். எழுதிய கொம்பியூட்டர் எந்த நாட்டு நேரத்தில் ஓடுகிறது என்று அதுவாகவே போடுகிற எண் அது. லண்டன் நேரத்துக்கு எத்தனை மணித்தியாலம் முன்னால் என்று கணக்கு. அஸீமாவின் வரிகள் எல்லாவற்றிலும் +0530. ஐந்தரை மணித்தியாலம், இலங்கையின் நேரம். வரிக்கு வரி அதேதான், கண் சொருகிக்கொண்டு வந்தது. சிவப்புக் கோடு போட்ட வரிக்கு வந்தான். ஜூலை 15, புதன், பின்னேரம் 4.10. அதற்குப் பின்னால் +0600.

ஆறு மணித்தியாலம்.

வெளிநாட்டுக்காரன் இதைப் பார்த்தால் ஒன்றும் நினைக்கமாட்டான். மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு மயிர் கூச்செறியும். ரிஸ்கானின் வாப்பா சாரத் துணிப் பொட்டலம் சுமந்து படுவான்கரைக்குப் போய் விற்றவர். சமாதான காலத்தில் மண்முனைத் துறையில் தோணி ஏறினால், வாவிக்கு இந்தப் பக்கம் அரசாங்கத்தின் ஆறு மணித்தியால நேரம், அந்தப் பக்கம் இயக்கத்தின் ஐந்தரை மணித்தியால நேரம். வாப்பா இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டியிருப்பார். இடக்கை இக்கரை, வலக்கை அக்கரை. 2006 சித்திரைப் புதுவருடத்தில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளி ஐந்தரையாக்கியது. அன்றைக்குத்தான் வாப்பா வலக்கை மணிக்கூட்டைக் கழற்றினார்.

அப்படியென்றால் இந்தத் திருத்தத்தை எழுதிய கொம்பியூட்டர் இன்னும் 2006க்கு முந்திய இலங்கையில் இருக்கிறது. இணையமே படாமல், நேரம் மாறிய செய்தி போய்ச் சேராமல், மூடிக் கிடந்த ஒரு பழைய கொம்பியூட்டர். ரிஸ்கான் தலையை நிமிர்த்தி அஸீமாவின் திரையைப் பார்த்தான். அதில் ஐந்தரை. போன வருடம் வாங்கிய மெஷின்.

இவள் எழுதவில்லை.

சுவர் மணிக்கூட்டில் நேரம் மூன்று. ரிஸ்கான் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

ஏதும் கிடைத்ததா என்று அஸீமா கேட்டாள். ஒன்றும் இல்லை என்றான் ரிஸ்கான். நாக்கு கூசவேயில்லை, அதுதான் அவனுக்கே பயமாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் வேரா மிஸ் பிளேன்டீ குடிக்க வேண்டும் என்றார். பாலத்தடிக் கடை வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, பனங்கட்டியைக் கடித்துக் கடித்து, அவர் வாவியைப் பார்த்தார். வழக்கமாக ரிஸ்கான் இந்த இடத்தில் கடைக்காரரின் தேத்தண்ணியை நாலு நக்கல் அடிப்பான். இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நெஞ்சுக்கு நேரே தாள் கிடந்தது. சொல்லாமல் விட்டால் என்ன? நான் பொய் எழுதவில்லையே, பேசாமல்தானே இருக்கிறேன். ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். நாலு வரிக்காரியின் பெயர் இல்லாத களப்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். நல்லாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. டரல். கடிதம் எழுதியாயிற்றா என்று கேட்டான். குரலில் தேன் வழிந்தது.

"அவள்ட இடம் வெறுமையாகும் மச்சான். உன்ட பேரைப் போடப்போறன். நீதான் சரியான ஆள்."

ரிஸ்கான் போனை வைத்தான். சந்தோஷம் வந்தது, உண்மைதான். ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்கு இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தத் தேன் குரல் எங்கேயோ கேட்ட குரல் என்று பட்டது. அவனுடைய சொந்தக் குரல்தான். கொஞ்சம் முந்தி அஸீமாவிடம் ஒன்றும் இல்லை என்று சொன்ன குரல்.

அதோடு சேர்ந்து இன்னொன்றும் விளங்கியது, அதுதான் சுட்டது. அந்தப் பழைய கொம்பியூட்டர் துணி மூடி டரலின் மேசையில்தான் கிடக்கிறது. அஸீமாவைக் கண்டு டரலுக்குப் பயம். அதனால் அவளை வெட்டுகிறான். என்னைக் கூப்பிடுகிறான் என்றால், என்னைக் கண்டு அவனுக்கு ஒரு பயமும் இல்லை. நான் அவனை வெல்லமாட்டேன் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். சரியான ஆள் என்றது அதைத்தான்.

நீதி நியாயம் என்று அவன் மனம் மாறினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ரோசம் வந்துதான் மாறினான். பையில் இருந்த தாளை எடுத்து வாங்கில் விரித்து, ஆறையும் ஐந்தரையையும் வேரா மிஸ்ஸுக்குச் சொன்னான். கடை மணிக்கூட்டில் மூன்றரை.

வேரா மிஸ் அவனை ஒருதரம் பார்த்தார், எப்போது கண்டாய் என்று கேட்கவில்லை. பனங்கட்டிக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த லேஸ் துணி, ரிஸ்கான். பூ வேலை உள்பக்கம் போய், முடிச்சுப் பக்கம் வெளியில கிடந்தது. பின்னின பொம்பிள அப்பிடிப் போடுவாவா?"

காலையில் நடந்த நூல் விசாரணை இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. துணியை ஜனின் போடும்போது பூ வெளியே வரத்தான் போடுவாள். கடைசியாக அதை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டது வேறொரு கை, நல்ல பக்கம் எது கெட்ட பக்கம் எது என்று தெரியாத ஆம்பிளைக் கை. ஒருத்தரும் தொடாத மெஷினை ஒருத்தன் தொட்டிருக்கிறான்.

நாலரைக்கு மறுபடியும் டரலின் முன்னறை. வேரா மிஸ் கடிதம் எழுதுவதற்குக் கடதாசி கேட்டார். எழுதுவதற்கு முந்தி ஒரு சின்ன உதவி, களப்பு பிறந்த அந்தப் பழைய மெக்கை ஒருக்கா ஓடவிட்டுக் காட்டினால் கடிதத்தில் இரண்டு வரி அழகாக எழுதலாம் என்றார். புகழ்ச்சி டரலுக்கு வேலை செய்தது. துணியை எடுத்தான். மெஷினை எழுப்பினான். உள்ளே இருந்த குட்டி மின்கலம் செத்துப்போனதால் ஒவ்வொரு தரமும் அது நேரத்தை மறந்துவிடும், நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சிரித்தபடி, கைமணிக்கூட்டைப் பார்த்து 4.40 என்று அடித்தான். மூன்று வருடம் தொடாத மெஷினின் குணம் அவனுக்கு நல்ல ஞாபகம் இருந்தது.

இப்போது இதில் ஒரு பரீட்சைத் திருத்தம் எழுதி, என் பெயரைப் போட்டுப் பதிந்து காட்டுங்கள் என்றார் வேரா மிஸ். டரல் இரண்டு வரி அடித்தான். வேரா என்று பெயர் போட்டான். பதிகிற பொத்தானுக்கு மேலே விரல் போனது, அங்கேயே நின்றது.

ரிஸ்கான் அந்த விரலையே பார்த்தான். டரலும் மட்டக்களப்பில் பிறந்தவன்தான். அவனுக்கும் ஒரு கணத்தில் விளங்கிவிட்டது.

"2006ல நேரம் மாறின அண்டைக்கு எக்ஸ்சேஞ்சில எனக்கு டியூட்டி," என்றார் வேரா மிஸ். "ஒவ்வொரு மணிக்கூடா நான்தான் அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினன். நாட்டுக்கே சொன்னாங்க மகன். உங்கட இந்த மெஷினுக்கு ஒருத்தரும் சொல்லல்ல. நீங்க முள்ளச் சரியாத்தான் வச்சீங்க, அது பழைய ஆறு மணித்தியாலக் கணக்கிலயே நிக்குது."

மடித்த தாளை ரிஸ்கான் மேசையில் வைத்தான். சிவப்புக் கோடு டரலே போட்டது. அன்றாடம் பாவிக்கிற கொம்பியூட்டரில் எழுதினால் தடயம் இருக்கும் என்று பயந்து இணையம் படாத கிழவனிடம் போனவன், அந்தக் கிழவன் எந்த வருடத்தில் இருக்கிறான் என்று யோசிக்கவில்லை.

டரல் மறுக்கவில்லை. கதவோரம் ஜனின் நின்றாள். அவளைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "வீட்டக் கடல் கொண்டு போச்சு. என்ட கையில மிஞ்சினது இது ஒண்டுதான். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி அதத் திறந்தா, நான் ஒரு மாசமாத் தேடின பிழைய அவள் நாலு வரியில திருத்தியிருப்பாள். எல்லாரும் அவளத்தான் கேக்கிறாங்க. என்ட வீட்டுக்குள்ளயே நான் விருந்தாளி. பொறாமைதான். வேற ஒண்டும் இல்ல." பிறகு ரிஸ்கானின் பக்கம் திரும்பினான். "உனக்கு விளங்கும்தானே மச்சான்? நீ பேசாம இருப்பாய் எண்டு நம்பித்தான் மிஸ்ஸக் கூப்பிட்டன்."

நக்கல் ஒன்று சொல்லிவிட்டுத் தப்பலாம் என்று ரிஸ்கான் வாயைத் திறந்தான்.

"விளங்கும்," என்றான்.

வேரா மிஸ் கடிதத்துக்கு வைத்திருந்த கடதாசியை டரலின் பக்கம் தள்ளினார். கதிரவெளியில் இருந்து வந்து நிலத்தில் குந்தின பெண்ணையும் நினைத்துக்கொண்டு எழுதுங்கள் என்றார். ஐந்து இருபதுக்கு டரல் தன் கையாலேயே களப்பு ஆட்கள் எல்லோருக்கும் எழுதினான். ஐந்தரைக்கு வாக்கெடுப்பை நிறுத்தினார்கள். அஸீமாவின் பெயர் இருந்த இடத்தில் இருந்தது.

வேரா மிஸ் அவளுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னார். அழுவாள், அல்லது டரலைத் திட்டுவாள் என்று ரிஸ்கான் எதிர்பார்த்தான். அவளோ அந்த வரிகளை எடுத்துவிட்டுப் புதுப் பதிப்பை இன்றைக்கே விடவேண்டும், கண்ணகைக்கு யாராவது சொல்லி அனுப்புவார்களா என்று கேட்டாள். அதற்குப் பிறகு போனை ரிஸ்கானிடம் கொடுக்கச் சொன்னாள்.

களப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பிழை தீர்ந்தால் பதிவேட்டில் அதற்கு ஒரு வரி எழுதுவார்கள். என்ன பிழை, யார் கண்டது, எத்தனை மணிக்கு. உலகத்தில் எவரும் வாசிக்கலாம், ஒருவரும் அழிக்கமுடியாது. அந்தப் பதிவேட்டில் ஒரே ஒரு வரியிலாவது தன் பெயர் ஏறவேண்டும் என்று பதினொரு நாள் நித்திரை முழித்தவன் ரிஸ்கான்.

"உங்கட பேரு ரிஸ்கான்தானே? எத்தின மணிக்குக் கண்டயள்?"

அந்தப் பக்கம் அவளுடைய விரல்கள் காத்திருப்பது இவனுக்குக் கேட்காமலே கேட்டது. மூன்றரை என்று சொன்னால் போதும். மூன்றரைக்குத்தான் அவன் தாளை விரித்தான், வேரா மிஸ்ஸே சாட்சி. அவன் வேரா மிஸ்ஸைப் பார்த்தான். அவர் ஜனின் கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டது மூணு மணி," என்றான் ரிஸ்கான். "உங்கட வீட்டில. சொன்னது மூணரை."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. அஸீமா இரண்டு நேரத்தையும் பதிவேட்டில் எழுதினாள்.